மண்ணைத் திறக்காமல் ஒரு மான் கொல்லை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தென்பாதியில், ஒரு பழைய சோளக் காட்டை எடுத்துக்கொள்வோம். அரை ஏக்கர்தான். உழவு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அங்கே ஆளுயரத்துக்குப் புதர். மாதம் ஜூலை. நவம்பரில் இந்த இடத்தில் மான்கள் வந்து மேய வேண்டும் என்று நிலத்துக்காரர் ஆசைப்படுகிறார். கையில் நான்கு மாதம் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று அவரோடு சேர்ந்து நாமும் நடந்து பார்ப்போம்.

முதலில், இது என்ன வேலை? காட்டு விலங்குகள் மேய்வதற்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பயிர் செய்து, அறுவடை செய்யாமல் விட்டுவிடுவது. அங்கே இதை ஃபுட் பிளாட் என்கிறார்கள். நாம் மான் கொல்லை என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் வேட்டைக்காரர்கள். மிச்சிகனில் துப்பாக்கி வேட்டைப் பருவம் நவம்பர் 15இல் தொடங்கும். வேட்டையாடாதவர்களும், விலங்குகள் தம் நிலத்துக்கு வந்துபோக வேண்டும் என்று செய்வதுண்டு. அங்குள்ள வெள்ளைவால் மான் 1900 வாக்கில் நாடு முழுவதும் சில லட்சமாகச் சுருங்கியிருந்தது. வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெருகி, இன்று சுமார் 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள்.

அதென்ன நவம்பர் கணக்கு? கோடையில் மானுக்குத் தீனிப் பஞ்சம் கிடையாது. வெள்ளைவால் மான் மாட்டைப் போல முற்றிய புல்லைத் தின்று வாழ முடியாது. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. அதனால் இளந்துளிர், அகன்ற இலை, பழம், ஓக் மரக் கொட்டை என்று சீக்கிரம் செரிக்கும் தீனியைத் தேடித் தேடித் தின்னும். அக்டோபரில் இலை உதிர்ந்ததும் அந்தத் தீனி குறைகிறது. அதே சமயத்தில் இணைசேரும் பருவம் வருகிறது. ஆண்மான்கள் தின்பதை மறந்து அலைந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும். பின்னாலேயே பனிக்காலம் வருகிறது. அந்த இடைவெளியில் பச்சையாக நிற்கும் எந்தப் பயிரும் மானுக்குப் பெரிய துணை.

அப்படியானால் ஒரு மூட்டைச் சோளத்தைக் கொட்டிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். கொட்டிய குவியலில் பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும். எச்சில் வழியாக நோய் பரவும். மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 2015இல் மிச்சிகனின் காட்டு மான்களிடம் தென்பட்டது. 2019இல் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் இரை கொட்டுவதற்குத் தடை வந்தது. அரை ஏக்கரில் பரவி நிற்கும் பயிரில் மான்கள் தள்ளித் தள்ளி மேயும். வருவது ஒரே கூட்டம்தான் என்றாலும், எல்லாம் ஒரே இடத்தில் மூக்கை நுழைப்பதில்லை.

இனி நிலத்துக்குள் போவோம். கருவி எதையும் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, நிற்பது என்ன என்று பார்ப்பது. மஞ்சள் கொத்தாகப் பூக்கப்போகும் கோல்டன்ராட் இருக்கும். மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டு வழியாகப் பரவும் செடி அது. குவாக் புல்லும் அப்படியே ஓடும். இடையிடையே வெள்ளி மினுக்கும் இலையோடு ஆட்டம் ஆலிவ் புதர் நிற்கும். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த இந்தப் புதரை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு நிறுவனங்களே மண்ணரிப்பைத் தடுக்கவும் காட்டு விலங்குகளுக்குத் தீனியாகவும் நடச் சொல்லின. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று அடக்க முடியாத களை ஆகிவிட்டது. காட்டுக்குத் தீனி வைக்க நினைப்பவர்கள் எதை நடுகிறோம் என்று இருமுறை யோசிக்க வேண்டும் என்பதற்கு இந்தப் புதரே பாடம்.

பார்க்கும்போதே, எதை விடுவது என்பதையும் முடிவு செய்துகொள்வோம். புதர் எல்லாமே வீண் இல்லை. மான்குட்டிகள் ஒளிந்து படுப்பது அதற்குள்தான். ராக்வீட் என்று விவசாயி சபிக்கும் செடியை மான் விரும்பித் தின்னும். அதில் புரதமும் நிறைய. செப்டம்பரில் மெக்சிகோ நோக்கிக் கிளம்பும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு வழித்தேன் தருவது கோல்டன்ராட்தான். ஆகவே நடுவில் தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொண்டு, ஓரங்களை அகலமாக விட்டுவிடுவோம். திறந்தவெளியில் மான் பகலில் வரத் தயங்கும். அருகிலேயே மறைவு இருந்தால் தைரியமாக வரும்.

இப்போது எல்லோருக்கும் தோன்றும் வழியைப் பேசியாக வேண்டும். டிராக்டரைக் கொண்டுவந்து சட்டிக் கலப்பை போட்டு ஓர் உழவு, ரோட்டவேட்டர் ஓர் ஓட்டு. புதர் காணாமல் போகும். பழுப்பு மண் பளிச்சென்று தெரியும். நிலம் தயார் என்று மனசுக்கு நிறைவாக இருக்கும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், விதைத்த பயிரைவிட அடர்த்தியாக வேறு என்னென்னவோ முளைத்திருக்கும். விதை சரியில்லை, மழை பெய்யவில்லை என்று காரணம் தேடுவார்கள். உண்மையில் அந்தக் களையை விதைத்தது அவர்கள் ஓட்டிய உழவு. களை நிலத்தின் மேல் இருக்கிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். மேலே இருப்பது அதில் சிறு பகுதி. பெரும்பகுதி மண்ணுக்குள் தூங்குகிறது.

எவ்வளவு காலம் தூங்கும் என்பதற்கு இதே மிச்சிகனில் ஓர் அழகான சோதனை நடந்துகொண்டிருக்கிறது. 1879இல், இன்று மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் வேளாண் கல்லூரியில், வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 20 கண்ணாடிப் புட்டிகளில் ஈரமணலோடு களை விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். புட்டிக்கு ஒவ்வொரு வகையிலும் 50 விதை. உள்ளே நீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தார். களை விதை எத்தனை காலம் உயிரோடு கிடக்கும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஐந்து வருடத்துக்கு ஒரு புட்டி என்று தொடங்கி, பத்தாக்கி, பின்னர் இருபதாக்கி, அவருக்குப் பின் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்து முளைக்கவிட்டுப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த புட்டியில் 20 விதைகள் முளைத்தன. கிட்டத்தட்ட எல்லாமே மாத் முல்லீன் என்ற களை. மண்ணுக்குள் 141 வருடம் கிடந்த விதைகள் அவை. கடைசிப் புட்டியை 2100இல் எடுப்பார்கள்.

எல்லாக் களையும் அவ்வளவு காலம் தாங்காது. பீலின் புட்டிகளிலேயே பல வகைகள் சில பத்தாண்டுகளுக்குள் செத்துவிட்டன. ஆனாலும் நம் அரை ஏக்கரில் வருடாவருடம் உதிர்ந்த விதைகளில் ஒரு பங்கு கீழே இறங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இதை விதை வங்கி என்பார்கள். நம் கிராமத்து வீட்டுப் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மேலே கொட்டிக்கொண்டே வருகிறோம். அடியில் கிடக்கும் பழைய நெல் வெளியே வர வழியில்லாமல் அப்படியே கிடக்கிறது. உழவு என்பது அந்தப் பத்தாயத்தைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. அடியில் கிடந்ததெல்லாம் ஒரே நாளில் மேலே வந்துவிடுகிறது.

மேலே வந்தால் மட்டும் ஏன் முளைக்கிறது? ஈரமும் சூடும் கீழேயும்தானே இருந்தன? விடை வெளிச்சத்தில் இருக்கிறது. 1952இல் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் லெட்டூஸ் கீரை விதைகளின் மேல் சிவப்பு ஒளியைச் சிறிது நேரம் பாய்ச்சினார்கள். விதைகள் முளைத்தன. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். முளைப்பு நின்றது. மாற்றி மாற்றிப் பாய்ச்சினால், கடைசியில் எந்த ஒளி பட்டதோ அதற்குத்தான் விதை கீழ்ப்படிந்தது. விதைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த வேலையைச் செய்கிறது என்று பின்னர் தெளிவாயிற்று. பல களை விதைகளிலும் இதே ஏற்பாடு உண்டு. உழும்போது ஒரு கணம் வெளிச்சம் பட்டுத் திரும்ப மண்ணுக்குள் போன விதைக்குக்கூட அது போதுமானதாக இருக்கலாம். பீலின் புட்டிகளை இருட்டில் தோண்டுவதும் இதனால்தான்.

இதற்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியைத் தானே எடுத்துக்கொண்டு, தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே புதரின் நிழலில் கிடக்கும் விதைக்கு, தலைக்கு மேல் ஏற்கெனவே செடி நிற்கிறது, இப்போது எழுந்து பயனில்லை என்ற சேதி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. களை விதைகளில் பலவும் பொடிப் பொடியானவை. சேமித்த உணவு மிகக் குறைவு. தவறான நேரத்தில் முளைத்தால் செத்துப்போகும். அதனால்தான் இத்தனை ஜாக்கிரதை. மண்ணையும் நிழலையும் கலைக்காமல் விட்டால், அந்த ஜாக்கிரதையே நமக்குக் காவலாக இருக்கும்.

அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும் செடிகளிடம் உழவு வேறு விதமாகத் தோற்கிறது. குவாக் புல்லின் அடித்தண்டில் ஒவ்வொரு கணுவிலும் ஒரு குருத்து உறங்கும். ரோட்டவேட்டர் அதைத் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்கப் பரப்பிவிடும். ஆட்டம் ஆலிவை அடியோடு வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட நெருக்கமாகத் துளிர்க்கும். உழவு எங்குமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மண் கல்லாக இறுகிக் கிடந்தால், சுண்ணாம்பை ஆழத்தில் கலக்க வேண்டியிருந்தால், உழவுக்கு வேலை உண்டு. களையை ஒழிக்கும் கருவி என்று நம்பி இறங்கும்போதுதான் அது கைவிடுகிறது.

சரி, உழாமல் எப்படி? முதல் வேலை மண் பரிசோதனை. பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குள் மண் எடுத்து, கலந்து, அதில் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது பி.எச். எண். மண் புளிப்பா காரமா என்பதன் அளவு அது; 7 என்றால் இரண்டும் இல்லை. 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் நல்லது. 5 அளவில் புளித்துக் கிடந்தால், போடும் உரத்தில் பெரும்பகுதி செடிக்கு எட்டாது. மருந்து, பொடித்த சுண்ணாம்புக்கல். மேலே தூவினால் போதும். ஆனால் வேலை செய்யப் பல மாதம் ஆகும். ஆகையால் ஜூலையில் தூவுவது பெரும்பாலும் அடுத்த வருடத்துக்கான முதலீடு. இந்த வருடம் புளிப்பைத் தாங்கும் பயிராகப் பார்த்துக்கொள்வோம்.

இரண்டாவது வேலை, வெட்டு. ஜூலை பிற்பாதி வரை பொறுப்போம். மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும் மான்குட்டிகள் ஆபத்து வந்தால் ஓடாது. அசையாமல் தரையோடு படுத்துவிடும். புதர்வெட்டி அவற்றின் மேல் ஏறிவிடும். தரையில் கூடு கட்டும் பறவைகளில் பலவும் அதற்குள் குஞ்சு பொரித்துப் பறந்திருக்கும். வெட்டிய தழை கனமான பாய் போல விழுந்தால் வாரி ஓரத்தில் போட வேண்டும். நின்று குனிந்து பார்த்தால் இடையிடையே மண் கண்ணில் பட வேண்டும். அந்த அளவு போதும்.

மூன்றாவது, காத்திருப்பு. வெட்டிய செடிகள் மூன்று வாரத்தில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் வளர்ந்துவிடும். வளரட்டும். முற்றிய தண்டில் களைக்கொல்லி மருந்து ஏறாது. இளம் இலையில் ஏறும். கோடை முடியும் சமயத்தில் பல்லாண்டுச் செடிகள் இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கு இறக்கத் தொடங்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அந்தச் சர்க்கரையோடு சேர்ந்து வேர்வரை போய்க் கொல்லும். மண்ணில் பட்டால் மண்துகளோடு ஒட்டிக்கொள்வதால், பிறகு விதைக்கும் பயிரைப் பெரும்பாலும் பாதிக்காது. ஆகஸ்ட் நடுவில், காற்றில்லாத காலையில், கையுறை போட்டு, புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் தெளிக்க வேண்டும். ஆட்டம் ஆலிவை வெட்டிய உடனே கட்டையின் வெட்டுவாயில் மருந்தைப் பூச வேண்டும்.

இந்த மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. மருந்தில்லாத வழி மெதுவானது, ஆனால் உண்டு. சிறிய இடத்தில் கருப்புத் தார்ப்பாயை ஆறிலிருந்து எட்டு வாரம் விரித்து வைத்தால், அடியில் கிடப்பவை வெளிச்சமில்லாமல் வலுவிழக்கும். பெரிய இடத்தில் மேல்மண்ணை மட்டும் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கீறி, களையை முளைக்கவிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னும் மேலாகக் கீறி அதைக் கொல்வது. இப்படி இரண்டு மூன்று முறை. மேலடுக்கில் இருக்கும் விதையை மட்டும் செலவழித்துத் தீர்க்கிறோம். ஆழத்தைத் தொடுவதில்லை.

நான்காவது, விதைப்பு. இதில் நாள்கணக்கு முக்கியம். டர்னிப்பும் தழைக்கான ரேப் செடியும் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் விழ வேண்டும். முதல் உறைபனிக்குள் அவை வளர்ந்து நிற்க இரண்டு மாதமாவது வேண்டும். நமக்கு அந்த நாள் கடந்துவிட்டது. வருத்தம் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் பாதியிலும் ரை தானியமும் ஓட்ஸும் விதைக்கலாம். ரை மட்டும் என்றால் அக்டோபர் தொடக்கம்வரைகூடப் பொறுக்கும். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலும் முளைக்கும், புளிப்பு மண்ணைத் தாங்கும், ஏழை மண்ணிலும் எழும். தனியாக விதைத்தால் ஏக்கருக்கு 45 முதல் 50 கிலோ. ஓட்ஸோடு கலந்தால் இரண்டிலும் பாதிப் பாதி. கடையில் ரை கிராஸ் என்று கேட்டுவிடக் கூடாது. அது வேறு புல். ஒருமுறை நுழைந்தால் அதுவே களையாகிவிடும்.

மழை வரும் என்று தெரியும் நாளுக்கு முந்தின நாள், பட்டுக்கொண்டிருக்கும் செடிகளுக்கு இடையே விதையைக் கையால் வீசுவோம். பிறகு அந்தச் செடிகளை உருளையால் சாய்த்தோ வெட்டியோ விதையின் மேல் போர்வையாக விழச் செய்வோம். இங்கேதான் நாம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசியது கைகொடுக்கிறது. ரையும் ஓட்ஸும் கனத்த விதைகள். உள்ளே உணவு நிறைய இருப்பதால், போர்வையைத் துளைத்து மேலே வந்துவிடும். முளைக்க அவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை. பொடியான களை விதைகளுக்கு அந்தப் போர்வை இருட்டாகிறது. பத்துப் பதினைந்து நாளில் ரை தலைகாட்டி, போர்வை மட்கிக் கரைவதற்குள் தன் நிழலை விரித்துவிடும். மேலடுக்கில் இருந்து சில களை எழத்தான் செய்யும். மான் அவற்றையும் தின்னும்.

அக்டோபரில் உறைபனி தொடங்கியதும் பயிர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு காரியம் செய்கிறது. செல்லுக்குள் சர்க்கரையைக் கூட்டுகிறது. சர்க்கரை கலந்த நீர் சீக்கிரம் உறையாது. மானுக்கு அது தித்திப்பான இலை. கடுங்குளிர் வந்ததும் ஓட்ஸ் செத்துவிடும். அதுவரை மான்கள் அதை முதலில் தின்னும். ரை சாகாது, பனி விலகும் இடங்களில் குளிர்காலம் நெடுகப் பச்சை காட்டும்.

இந்த மண் கணக்கு மிச்சிகனோடு நிற்பதில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டைக்குத் தடை உண்டு, நோக்கம் வேறு. ஆனால் முதுமலையில் யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் கிடைக்க உண்ணிச்செடியையும் மஞ்சள் கொன்றையையும் அகற்றும்போது இதே கேள்விதான் எழுகிறது. அகற்றிய இடத்தில் மண்ணில் கிடக்கும் விதைகளும், வெட்டிய கட்டையில் துளிர்ப்பவையும் திரும்ப எழும். நாட்டுப் புல் அந்த இடத்தை மூடும்வரை சில வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மான் கொல்லையிலும் ஒரு வருடத்தோடு வேலை முடிவதில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள, விதைத்த கையோடு ஒரு சிறு வேலை செய்துவிடுங்கள். இடுப்பளவு கம்பிவலையை வட்டமாக வளைத்து, பயிருக்கு நடுவே ஊன்றிவிடுங்கள். வலைக்குள் மான் வாய் எட்டாது. டிசம்பரில் வலைக்குள் முழங்கால் உயரமும் வெளியே ஒட்ட மேய்ந்த தரையும் இருந்தால், மான்களுக்கு இந்த இடம் போதவில்லை என்று பொருள். கொல்லையைப் பெரிதாக்கலாம், அல்லது அந்தப் பகுதியில் மான்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உள்ளும் வெளியும் ஒரே குட்டையாக இருந்தால், குறை மண்ணில். பரிசோதனைத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

மார்ச்சில் இரவு உறைந்து பகலில் இளகும் மண் தானாகவே மயிரிழை வெடிப்புகளாகத் திறந்து மூடும். அப்போது குளோவர் விதையை ரைக்கு நடுவே தூவினால் வெடிப்புகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், கலப்பை வேண்டாம். வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பயிர் அது. கோடையில் ரை முற்றிப் பட்டுப்போகும்போது அடியில் குளோவர் நிலத்தை மூடி நிற்கும். அதற்குள் ஜூலையில் தூவிய சுண்ணாம்பும் வேலை செய்திருக்கும். அப்போது டர்னிப்புக்கான ஆகஸ்ட் நாளைத் தவறவிடாமல், கொல்லையின் ஒரு பாதியை மட்டும் அதற்கு எடுத்துக்கொள்ளலாம். மறுபாதியில் குளோவர் நிற்கட்டும். முதல் வருடத்தைவிட உழைப்பு குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு வருடமும் மேலடுக்கில் களை விதை குறைகிறது, கீழே கிடப்பதை நாம் எழுப்பவில்லை.